2008 லேப்டாப், 2 ஜிபி ரேம், டெபியன் 13: ஒரு நிறுவல் பதிவு

எடுத்துக்கொண்ட லேப்டாப்பின் விவரம்: இன்டெல் கோர் 2 டியோ டி7250, வேகம் 2.0 கிகாஹெர்ட்ஸ். பிராசஸரை ரேமோடும் மற்ற பாகங்களோடும் இணைக்கும் 965 சிப்செட், அதனுடன் வரும் எக்ஸ்3100 கிராபிக்ஸ். டிடிஆர்2 ரேம் 1 ஜிபி வீதம் இரண்டு துண்டு. 160 ஜிபி சுழலும் ஹார்ட் டிஸ்க், பிராட்காம் வைஃபை, உள்ளே விண்டோஸ் விஸ்டா. விஸ்டாவுக்குப் பதிலாக டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, இணையம் பார்க்க, ஆவணம் எழுத, பிடிஎஃப் படிக்க இதை மீண்டும் தயார் செய்ய வேண்டும்.

பழைய கணினிக்கு எந்த லினக்ஸ் நல்லது என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. உண்மையில் அதைக் கடைசியில் முடிவு செய்தால் போதும். இப்படிப்பட்ட கணினிகளில் நிறுவல் பாதியில் நின்றுபோவதற்கு இயங்குதளம் காரணமாக இருப்பது அரிது. பழுதான டிஸ்க், ஆட்டம் கண்ட ரேம், செத்துப்போன பயாஸ் பேட்டரி (கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரலின் தேதியையும் அமைப்புகளையும் காப்பது) இவைதான் வழக்கமான காரணங்கள். இவற்றைப் பார்க்காமல் ஒரு லினக்ஸ் போனால் இன்னொரு லினக்ஸ் என்று மாற்றிக்கொண்டே இருந்தால் ஒரு வாரம் வீணாகும். அதனால் இந்தப் பதிவில் பாதி வன்பொருளைப் பற்றியதுதான்.

பிராசஸர் 32 பிட்டா, 64 பிட்டா?

நிறுவாமலேயே ஓடும் ஏதாவது ஒரு லைவ் லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து (அதாவது அதிலிருந்து கணினியைத் துவக்கி), டெர்மினலில் 'எல்எஸ்சிபியு' கட்டளையை இடவும். சிபியு இயங்கும் முறைகள் என்ற வரியில் 32, 64 இரண்டும் இருந்தால் 64 பிட் பிராசஸர். விண்டோஸில் 32 பிட் என்று காட்டினால் அது நிறுவப்பட்டிருக்கும் விண்டோஸைப் பற்றிய செய்தி. பிராசஸரைப் பற்றியது அல்ல. 64 பிட் பிராசஸரில் 32 பிட் விஸ்டா போட்டு விற்ற லேப்டாப்புகள் ஏராளம். இதுவும் அப்படித்தான்.

கோர் 2 டியோ எல்லாமே 64 பிட். அதற்கு முந்தைய, '2' என்ற எண் இல்லாத கோர் டியோ 32 பிட் மட்டும். நெட்புக் என்ற சிறு லேப்டாப்புகளில் வந்த இன்டெல் ஆட்டம் என்270 பிராசஸரும் 32 பிட் மட்டும். அதற்கு அடுத்து வந்த என்450 64 பிட். பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் ஸ்டிக்கரை நம்பாமல் கட்டளையை நம்பவும்.

64 பிட் என்றாலும் ஒரு சிக்கல் உண்டு. சில லினக்ஸ் வெளியீடுகள் இப்போது 64 பிட்டிலேயே பிராசஸரின் புதிய கட்டளைத் தொகுப்புகளை எதிர்பார்க்கின்றன. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9-க்கு 'எக்ஸ்86-64-வி2' நிலை தேவை. அதில் அடங்கிய எஸ்எஸ்இ 4.2 எந்தக் கோர் 2 பிராசஸரிலும் கிடையாது. அதை அடிப்படையாகக் கொண்ட வெளியீடுகளும் இப்படித்தான். டெபியன் இன்னும் ஆரம்பகால 64 பிட் பிராசஸர்களையும் ஏற்றுக்கொள்கிறது. இங்கே டெபியன் 13-ஐத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம் ஆதரவுக் காலம்: 2025 ஆகஸ்டில் வெளியான இதற்கு நீண்டகாலப் பாதுகாப்பு ஆதரவு 2030 ஜூன் வரை உண்டு. லேப்டாப் அதுவரை உழைத்தால் நல்லது.

ஸ்க்ரூ டிரைவர் வேலை

முதலில் பேட்டரியைக் கழற்றி, சமதளத்தில் வைத்து, உப்பியிருக்கிறதா என்று பார்க்கவும். உப்பியிருந்தால் அதை மீண்டும் மாட்டக் கூடாது. 2008 வாக்கில் வந்த லேப்டாப்புகள் பெரும்பாலும் பேட்டரி இல்லாமல் அடாப்டரில் மட்டுமே ஓடும்.

அடுத்து பயாஸ் பேட்டரி. சிஆர்2032 காசு செல், 3 வோல்ட். சில லேப்டாப்புகளில் அது நேராகப் பலகையில் இருக்கும். சிலவற்றில் வயரோடு பிளாஸ்டிக் உறையில் சுற்றியிருக்கும். மல்டிமீட்டரில் 2.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடவும். சின்னச் செல்தானே என்று விட்டுவிட்டால் அது தரும் தொல்லை பெரிது: மின்சாரம் துண்டித்ததும் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். பிறகு நிறுவும் நிரல் இணையத்திலிருந்து மென்பொருள் பொதிகளை இறக்கும்போது, வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று பிழை காட்டும். பிரவுசரில் ஒவ்வொரு தளமும் சான்றிதழ் பிழை காட்டும். இணைப்பில் கோளாறு என்று நினைத்துக் கேபிளை மாற்றிக்கொண்டிருப்போம். தேதி தவறாக இருப்பது கண்ணில் படாது.

ஃபேனையும் வெப்பத்தகட்டின் இடுக்குகளையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யவும். காற்று அடிக்கும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளவும். பிராசஸரின் சூட்டை வெப்பத்தகட்டுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் 15 ஆண்டில் காய்ந்து பொடியாகியிருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, ஒரு அரிசி அளவு புதிய பேஸ்ட்டை நடுவில் வைத்து மூடவும். சிப்செட் மேல் பேஸ்ட்டுக்குப் பதிலாகத் தடித்த பேட் இருந்தால் அதே தடிமனில் பேட்தான் வைக்க வேண்டும். பேஸ்ட் வைத்தால் இடைவெளி நிரம்பாமல் சிப் வெந்துவிடும்.

இனி ரேம் சோதனை. மெம்டெஸ்ட்86+ பென் டிரைவில் பூட் செய்து, குறைந்தது ஒரு முழுச் சுற்று ஓட விடவும். 2 ஜிபிக்கு இந்த வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் தோல்விதான். அப்போது இரண்டு துண்டையும் கழற்றி, தங்க முனைகளை ஆல்கஹாலால் துடைத்து, ஒவ்வொன்றாக மாட்டிச் சோதித்தால் எது பழுது என்று தெரிந்துவிடும். பழுதான ரேமோடு நிறுவினால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் பிழை வரும். எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் டிஸ்க்கையோ பென் டிரைவையோ சந்தேகிக்கலாம். நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் ரேமையோ சூட்டையோ சந்தேகிக்க வேண்டும்.

டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' பதிவைக் காட்ட 'ஸ்மார்ட்சிடிஎல்' கட்டளை. பார்க்க வேண்டியவை மூன்று எண்கள்தான்: 5, மாற்றி வைக்கப்பட்ட செக்டர்கள்; 197, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள்; 198, மீட்க முடியாதவை. வலது ஓரத்தில் உள்ள மூல எண்ணைப் பார்க்கவும். 197-இல் பூஜ்யத்தைத் தவிர வேறு எது இருந்தாலும் அந்த டிஸ்க்கில் நிறுவ வேண்டாம். ஸ்மார்ட் சோதனையின் மொத்த முடிவு 'தேர்ச்சி' என்று இருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கும் கடைசி வரை தேர்ச்சிதான் காட்டும்.

எஸ்எஸ்டியா, ரேமா?

ஒன்றுக்குத்தான் வசதி என்றால், சுழலும் பாகம் இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிதான். இவ்வளவு பழைய லேப்டாப்புகளில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா இணைப்பின் வேகம் குறைவு, 1.5 கிகாபிட் என்றால் வினாடிக்கு 150 எம்பியைத் தாண்டாது. ஆனாலும் வித்தியாசம் பிரமாதமாகத் தெரியும். கணினி தொடங்கும்போதும் நிரல் திறக்கும்போதும் டிஸ்க்கில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் அங்குமிங்கும் படிக்கப்படுகின்றன. சுழலும் டிஸ்க்கில் ஒவ்வொரு தாவலுக்கும் 10 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டியில் அது மில்லிவினாடியில் சிறு பங்குதான். விலை குறைந்த 120 ஜிபியே போதும். எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமன், பழைய தட்டு 9.5 மில்லிமீட்டருக்கு ஆனது. அதனால் கூடவே வரும் பிளாஸ்டிக் விளிம்பை ஒட்டிக்கொள்ளவும். இல்லையென்றால் இணைப்பி ஆடும்.

ரேம் கூட்டுவதானால் இதற்கு 200 பின் டிடிஆர்2 எஸ்ஓ-டிம், 667 மெகாஹெர்ட்ஸ், 2 ஜிபி வீதம் இரண்டு. 800 கிடைத்தாலும் போடலாம், 667 வேகத்தில் ஓடும். 965 சிப்செட் 4 ஜிபியையும் பயன்படுத்தும். அதற்கு முந்தைய 945 சிப்செட்டில் 4 ஜிபி போட்டாலும் ஏறக்குறைய 3.2 ஜிபிதான் தெரியும். அது சிப்செட்டின் எல்லை, 64 பிட் இயங்குதளம் போட்டாலும் மாறாது. இங்கே எஸ்எஸ்டி மட்டும் மாற்றப்பட்டது, ரேம் 2 ஜிபியே. அதனால்தான் பின்னால் வரும் நினைவகச் சரிசெய்தல்கள் தேவைப்பட்டன.

பயாஸில் மூன்று மாற்றங்கள்: தேதி, நேரம் சரிசெய்தல், சாட்டா முறையைப் பழைய ஐடிஇ-யிலிருந்து புதிய ஏஎச்சிஐ-க்கு மாற்றுதல், பூட் வரிசை. ஏஎச்சிஐ-க்கு மாற்றியதும் பழைய விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும், புதிதாக நிறுவும்போது அதைப் பற்றிக் கவலையில்லை. பழைய விண்டோஸையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் இதைத் தொட வேண்டாம்.

பென் டிரைவ்

தேவையானது டெபியனின் நெட்-இன்ஸ்டால் படக்கோப்பு (மீதியை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் சிறிய நிறுவி), ஏஎம்டி64 வகை. இன்டெல் பிராசஸருக்கு ஏஎம்டி என்று பார்த்துத் தயங்க வேண்டாம். இந்தக் கணினிகளின் 64 பிட் வடிவமைப்பை முதலில் கொண்டுவந்தது ஏஎம்டி என்பதால் வந்த பெயர் அது. கோப்பு சிதையாமல் வந்ததா என்று பார்க்க, அதன் எஸ்எச்ஏ256 எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடவும். லினக்ஸில் 'டிடி' கட்டளையால் எழுதும்போது இலக்கு முழு டிரைவாக இருக்க வேண்டும். லினக்ஸ் டிரைவுகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று வரிசையாகப் பெயர் வைக்கும்; எழுத வேண்டியது எஸ்டிபி-யில், எஸ்டிபி1-இல் அல்ல. எண் போட்ட பார்ட்டிஷனுக்குள் எழுதினால் பூட் ஆகாது. எந்த எழுத்து பென் டிரைவுடையது என்பதை 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையில் அளவைப் பார்த்து உறுதிசெய்த பிறகே எழுதவும். எழுத்து மாறினால் ஹார்ட் டிஸ்க் முழுவதும் போய்விடும். விண்டோஸில் ரூஃபஸ் பயன்படுத்தினால், அது கேட்கும்போது டிடி பட முறையைத் தேர்வு செய்யவும்.

பழைய பயாஸ் பென் டிரைவை 'யூஎஸ்பி' என்ற பெயரில் காட்டாமல் ஹார்ட் டிஸ்க் பட்டியலுக்குள் இரண்டாவதாகக் காட்டும். பூட் பட்டியலில் யூஎஸ்பி இல்லை என்று முடிவுகட்டும் முன் அந்தப் பட்டியலையும் விரித்துப் பார்க்கவும். பென் டிரைவைச் செருகிய பிறகே கணினியை இயக்க வேண்டும். ஹப் வழியாக வேண்டாம். 2010-க்குப் பிந்தைய சில சிறு கணினிகளில் பிராசஸர் 64 பிட்டாகவும் பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ மட்டும் 32 பிட்டாகவும் இருக்கும். அவற்றுக்கு 32 பிட் பூட் கோப்பும் உள்ள படக்கோப்பு தேவை.

நிறுவல்

வரைகலை நிறுவியை விட்டு, எழுத்து முறை நிறுவியைத் தேர்ந்தெடுக்கவும். அது ரேமைக் குறைவாகத் தின்னும். ஆனால் தமிழில் நிறுவ விரும்பினால் வரைகலை நிறுவிதான் வேண்டும். எழுத்து முறையில் தமிழ் எழுத்துகளைக் காட்ட வழியில்லை.

வைஃபையை இப்போது தொடவே வேண்டாம், கேபிளில் இணைக்கவும். டெபியன் 12 முதல் நிறுவியிலேயே பல கருவிகளின் ஃபர்ம்வேர் (கருவி இயங்க அதற்குள் ஏற்றப்படும் நிரல்) சேர்ந்து வருகிறது. இன்டெல் வைஃபை என்றால் நேரடியாக வேலை செய்யும். பழைய பிராட்காமுக்கு அது பொருந்தாது. அதன் ஃபர்ம்வேரை மறுவிநியோகம் செய்ய அனுமதி இல்லாததால், 'ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்' என்ற பொதி இணையத்திலிருந்து அதை இறக்கிப் பிரித்தெடுக்கும். வைஃபை வேண்டுமானால் முதலில் வேறு இணையம் வேண்டும் என்ற சுழல் இது. கேபிள் இல்லாதவர்கள் நிறுவிய பின் மொபைலை யூஎஸ்பி டெதரிங்கில் இணைத்து இந்தப் பொதியை நிறுவலாம். அது 'கான்ட்ரிப்' பகுதியில் இருக்கிறது; மூலப் பட்டியலில் அந்தப் பகுதியைச் சேர்க்காவிட்டால் பொதியே இல்லை என்று சொல்லிவிடும்.

முழு அதிகாரம் உள்ள 'ரூட்' பயனருக்குக் கடவுச்சொல் கேட்கும் இடத்தைக் காலியாக விட்டு அடுத்ததற்குப் போகவும். அப்படி விட்டால்தான் முதல் பயனருக்கு, ரூட்டாகக் கட்டளை இடும் 'சுடோ' உரிமை தானாகக் கிடைக்கும். கடவுச்சொல் கொடுத்துவிட்டு, சுடோ வேலை செய்யவில்லையே என்று பின்னால் தேடுபவர்கள் மிகப் பலர்.

பார்ட்டிஷன் எளிது: ரேம் போதாதபோது உதவும் ஸ்வாப்புக்கு 2 ஜிபி, மீதி முழுவதும் ஈஎக்ஸ்டி4 வடிவில், இயங்குதளமும் கோப்புகளும் இருக்கும் ஒரே ரூட் பார்ட்டிஷன். சில பழைய பயாஸ்கள் பூட் கொடி (இங்கிருந்து துவக்கலாம் என்ற குறி) இல்லாத டிஸ்க்கைப் புறக்கணிக்கும், ஆகவே ரூட்டுக்கு அந்தக் கொடியைப் போட்டுவிடவும். 2000-களின் தொடக்கத்து ஐடிஇ கணினிகளில் பயாஸால் முதல் 137 ஜிபியை மட்டுமே படிக்க முடியும். அங்கே டிஸ்க்கின் தொடக்கத்தில் 1 ஜிபிக்குத் தனியாக பூட் பார்ட்டிஷன் அவசியம். இல்லாவிட்டால் இன்று ஓடும் கணினி, லினக்ஸின் மையமான கர்னலின் அடுத்த புதுப்பிப்பு அந்த எல்லையைத் தாண்டி எழுதப்படும் நாளில் நின்றுபோகும்.

மென்பொருள் தேர்வில் க்னோம் என்ற டெஸ்க்டாப் சூழல் தானாகக் குறியிடப்பட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு, அதைவிட எளிய எல்எக்ஸ்கியூடி-ஐக் குறிக்கவும். எக்ஸ்எஃப்சிஇ-யும் நல்ல தேர்வுதான், 4 ஜிபி இருந்தால் அதையே பரிந்துரைக்கலாம்.

லினக்ஸைத் துவக்கிவைக்கும் க்ரப் நிரலை எந்த டிஸ்க்கில் வைப்பது என்று கேட்கும் இடத்தில் கவனம். பென் டிரைவில் பூட் செய்ததால் சில கணினிகளில் பென் டிரைவே எஸ்டிஏ ஆகவும் உள் டிஸ்க் எஸ்டிபி ஆகவும் இருக்கும். அளவையும் மாடல் பெயரையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கவும். தவறினால், பென் டிரைவ் செருகியிருக்கும் வரை எல்லாம் ஓடும்; பிடுங்கியதும் பூட் சாதனம் இல்லை என்று வரும். மீண்டும் நிறுவத் தேவையில்லை. பென் டிரைவில் நிறுவியைப் புதிதாக எழுதி, அதன் மீட்பு முறையில் நுழைந்து, ரூட் பார்ட்டிஷனைக் காட்டி, க்ரப்பை மறுபடி நிறுவு என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஐந்து நிமிட வேலை.

நிறுவல் நடுவே உறைந்தால் ஆல்ட், எஃப்4 அழுத்தவும். வரைகலை நிறுவியில் கன்ட்ரோலும் சேர வேண்டும். நிறுவியின் பதிவு ஓடிக்கொண்டிருக்கும் திரை அது. உள்ளீடு-வெளியீட்டுப் பிழை என்ற வரிகள் குவிந்தால் அந்த வரியில் உள்ள சாதனப் பெயரைப் பாருங்கள்: உள் டிஸ்க்கா, பென் டிரைவா என்பது அங்கேயே எழுதியிருக்கும்.

முதல் துவக்கம்

திரை கறுத்துப்போனால் க்ரப் பட்டியலில் ஆங்கில 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' சேர்த்து எஃப்10 அழுத்தவும். இது நோயறியும் வழி மட்டுமே. இதை நிரந்தரமாக்கினால் கிராபிக்ஸ் முடுக்கம் முழுவதும் போய்விடும்.

965 லேப்டாப்புகளுக்கென்றே ஒரு வினோதக் கோளாறு உண்டு. இல்லாத டிவி வெளியீட்டை இருப்பதாக டிரைவர் நினைத்துக்கொள்ளும். டெஸ்க்டாப் தவறான அளவில் வரும், அல்லது கீழ்ப்பட்டை அந்த மாயத் திரைக்குப் போய்விடும். கர்னல் வரியில் 'வீடியோ=எஸ்வீடியோ-1:டி' என்று சேர்த்தால் தீரும். அதில் எஸ்வீடியோ மட்டும் பெரிய எழுத்துகளில், இடையில் கோடில்லாமல் வர வேண்டும். மற்றவை சிறிய எழுத்துகள். இதை க்ரப் அமைப்புக் கோப்பில் எழுதி 'அப்டேட்-க்ரப்' ஓட்டினால் நிரந்தரம்.

2 ஜிபிக்குள் வாழ்வது

எல்எக்ஸ்கியூடி சும்மா இருக்கும்போது 400 முதல் 500 எம்பி வரை எடுக்கும். மீதி 1.5 ஜிபிதான் பிரவுசருக்கு. இங்கே செய்த மாற்றங்களில் பலன் அதிகமாகத் தெரிந்தவை இரண்டு.

ஒன்று, டெபியன் 13-இன் புது வழக்கம்: தற்காலிகக் கோப்புறையான 'டிஎம்பி' இப்போது டிஸ்க்கில் இல்லை, ரேமில் இருக்கிறது. ரேமில் பாதி வரை அது வளரலாம். பெரிய கோப்பு ஒன்று அங்கே பிரிக்கப்பட்டால் 2 ஜிபி கணினி திணறிவிடும். 'சிஸ்டம்சிடிஎல் மாஸ்க்' கட்டளையால் 'டிஎம்பி.மவுண்ட்' என்பதை முடக்கி மறுதொடக்கம் செய்தால் பழையபடி டிஸ்க்குக்கு வந்துவிடும்.

இரண்டு, இசட்ரேம். 'இசட்ரேம்-டூல்ஸ்' பொதியை நிறுவி, அதன் அமைப்பில் விகிதத்தை 50 ஆகவும் சுருக்கும் முறையை எல்இசட்4 ஆகவும் வைக்கவும். ரேமில் பயன்படாமல் கிடக்கும் பக்கங்கள் டிஸ்க் ஸ்வாப்புக்குப் போகும் முன் ரேமிலேயே சுருக்கி வைக்கப்படும். இசட்எஸ்டிடி இன்னும் நன்றாகச் சுருக்கும், ஆனால் இந்தப் பிராசஸருக்கு எல்இசட்4-தான் இதமானது. டிஸ்க் ஸ்வாப்பையும் விட்டு வைக்கவும். முன்னுரிமை இசட்ரேமுக்கே போகும்.

மற்றவை சிறியவை. ஒவ்வொரு முறை கோப்பைப் படிக்கும்போதும் நேரம் குறிக்காதிருக்க எஃப்எஸ்டேப் கோப்பில் ரூட் வரிக்கு 'நோஏடைம்'; எஸ்எஸ்டியில் காலியான இடத்தை அதற்குத் தெரிவிக்கும் 'எஃப்எஸ்டிரிம்.டைமர்' இயங்குகிறதா என்று ஒரு பார்வை; பிரிண்டர், புளூடூத், மோடம் தேவையில்லை என்றால் அந்தச் சேவைகளை நிறுத்துதல். 'மிட்டிகேஷன்ஸ்=ஆஃப்' சேர்த்தால் வேகம் கூடும் என்ற யோசனை அடிக்கடி வரும். அது பிராசஸர் பாதுகாப்பு ஓட்டைகளுக்கான அடைப்பை எடுத்துவிடும். பிரவுசர் திறக்கும் கணினியில் அதைச் செய்யவே கூடாது.

பிரவுசர் ஃபயர்ஃபாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான இஎஸ்ஆர், அதில் முதலில் போட வேண்டியது விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின். விளம்பர ஸ்கிரிப்டுகள் நிற்பதால் மிச்சமாகும் ரேம், மேலே சொன்ன சேவைகளை நிறுத்திக் கிடைப்பதைவிட அதிகம். வீடியோ தளங்கள் இப்போது விபி9, ஏவி1 வடிவங்களைத்தான் முதலில் அனுப்புகின்றன. அவற்றை அவிழ்க்க எக்ஸ்3100-இல் வன்பொருள் கிடையாது, சுமை முழுவதும் பிராசஸர் மேல் விழும். எச்264 வடிவத்தையே கேட்டு வாங்கும் நீட்சி ஒன்றைச் சேர்த்து 480 வரிகளுக்குள் வைத்துக்கொண்டால் சீராக ஓடும். 720 முட்டி மோதி ஓடும். பிரவுசரைத் தவிர்த்து எம்பிவி பிளேயரில் போட்டால் 720-ம் சுகமாக வரும்.

தமிழுக்கு நோட்டோ எழுத்துருப் பொதியும், தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் இரண்டும். அமைப்பில் நேரடியாகக் கிடைக்கும் தமிழ்99 விசைப்பலகை வெறும் எழுத்து மாற்று மட்டுமே செய்யும். தானாகப் புள்ளி வைக்கும் விதிகள் அதில் இல்லை. எம்17என் வழியாக வரும் தமிழ்99-இல் அவை உண்டு.

32 பிட் மட்டுமே என்றால்

ஆட்டம் என்270 போன்றவற்றுக்கு டெபியன் 13 நிறுவியே கிடையாது. டெபியன் 12-தான் 32 பிட் நிறுவி உள்ள கடைசி வெளியீடு. அதில் இருக்கும் கணினியை 13-க்கு மேம்படுத்த முயலக் கூடாது. 1 ஜிபி ரேம் என்றால் டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23, ஐஸ்டபிள்யூஎம் சாளர மேலாளரோடு நன்றாகப் பொருந்தும். முதல் தலைமுறை பென்டியம் எம் பிராசஸரில் பிஏஇ (4 ஜிபிக்கு மேல் நினைவகத்தை அணுகும் வசதி) கேட்கும் கர்னல் ஏற மறுத்தால் 'ஃபோர்ஸ்பிஏஇ' என்று துவக்க வரியில் சேர்க்கவும்; வசதி உள்ளே இருந்தும் அதை அறிவிக்காத பிராசஸர் அது. பென்டியம் 3, அத்லான் எக்ஸ்பி இவற்றில் எஸ்எஸ்இ2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லை, இன்றைய ஃபயர்ஃபாக்ஸ் அங்கே திறக்காது. மொசில்லா லினக்ஸுக்கான 32 பிட் ஃபயர்ஃபாக்ஸை 144-ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டது. இஎஸ்ஆர் 140 மட்டும் கொஞ்ச காலம் தொடர்கிறது. இத்தகைய கணினிகளை இணையத்துக்கு என்று தயார் செய்ய வேண்டாம். தட்டச்சு, பாட்டு, கோப்புச் சேமிப்பு, சீரியல் போர்ட் வேண்டிய பழைய கருவிகள் ஆகிய வேலைகளுக்கு அவை இன்னும் நன்றாக உழைக்கும்.